டைகாம் வியூவர் திறக்கவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன் படங்களைப் பார்க்கும் டைகாம் வியூவர் திறக்கவில்லை என்றதும் பலரும் முதலில் கைவைப்பது அன்இன்ஸ்டாலில்தான். அதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். காரணம் இரண்டு. மென்பொருளை நீக்கினாலும் அதன் செட்டிங்ஸும் தரவுத்தளமும் பெரும்பாலும் உங்கள் பயனர் கோப்புறையிலேயே கிடக்கும். பழுது அங்கே இருந்தால், புதிதாக நிறுவியதும் அதே இடத்தில்தான் போய் விழும். இன்னொன்று இதைவிடக் கவலைக்குரியது. எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்துவிடலாம் என்று அந்தக் கோப்புறையையும் அழித்தால், வியூவர் தனக்குள் நகலெடுத்து வைத்திருந்த படங்களும் சேர்ந்து போய்விடும். மூலக் குறுந்தகடு தொலைந்துபோயிருந்தால் அந்த ஸ்கேனின் ஒரே பிரதி அதுவாகவே இருக்கலாம். ஒரு கட்டி வளர்ந்திருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா என்பதை டாக்டர் பழைய படத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்வார். அந்தப் படத்தை மறுபடி எடுக்க முடியாது.

வியூவர் தொடங்கும்போது சில வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. இயங்குதளம் அனுமதி கொடுக்க வேண்டும். தேவையான டிஎல்எல் கோப்புகள் (நிரல் ஓடத் துணைபுரியும் கோப்புகள்) ஏற வேண்டும். கிராஃபிக்ஸ் தயாராக வேண்டும். செட்டிங்ஸ் படிக்கப்பட்டு, தரவுத்தளம் திறந்து, நெட்வொர்க் போர்ட் கிடைக்க வேண்டும். படம் வருவது அதற்கெல்லாம் பிறகு. எந்தக் கட்டத்தில் நின்றது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதைத் திரையில் தெரிவதே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். உங்களுக்குத் தெரிகிற அறிகுறிக்கு நேராகப் போய்ப் படியுங்கள்.

டபுள் கிளிக் செய்தும் ஒன்றுமே நடக்கவில்லை

மென்பொருள் ஜிப் கோப்பாக வந்ததா? அப்படியானால் அதை முழுதாகப் பிரித்தீர்களா என்று முதலில் பாருங்கள். விண்டோஸில் ஜிப்பைத் திறந்தால் சாதாரணக் கோப்புறை போலவே தெரியும். உள்ளே இருக்கும் எக்ஸ்இ கோப்பை அப்படியே கிளிக் செய்தால், விண்டோஸ் அந்த ஒன்றை மட்டும் தற்காலிகக் கோப்புறைக்கு எடுத்துப் போட்டு இயக்கும். கூட வர வேண்டிய டிஎல்எல்களும் படக் கோப்புகளும் ஜிப்புக்குள்ளேயே நின்றுவிடும். ஜிப்பின் மேல் ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' கொடுங்கள். பிரிக்கும் இடம் சி டிரைவின் மேல்மட்டத்தில் சிறிய பெயருள்ள கோப்புறையாக இருக்கட்டும். முழுப் பாதை 260 எழுத்துகளைத் தாண்டினால் விண்டோஸின் பல நிரல்கள் இன்னும் தடுமாறும். ஸ்கேன் கோப்புறைகளோ ஒன்றுக்குள் ஒன்றாக ஆழமாகப் போகும்.

அடுத்தது டாஸ்க் மேனேஜர். வியூவர் ஏற்கெனவே பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம். முந்தைய முறை மூடும்போது தொங்கிப்போன பிரதி ஒன்று உயிரோடு இருந்தால், பல வியூவர்கள் இரண்டாவது பிரதியைத் திறக்காமல் சத்தமில்லாமல் வெளியேறிவிடும். பட்டியலில் பெயர் இருந்தால் 'என்ட் டாஸ்க்' கொடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

டாஸ்க்பாரில் ஐகான் இருக்கிறது, ஜன்னலை மட்டும் காணோம் என்றால் அது திரைக்கு வெளியே திறந்திருக்கிறது. இரண்டு மானிட்டர் வைத்திருந்து ஒன்றைக் கழற்றிய கணினிகளில் இது அடிக்கடி நடக்கும். வியூவர் பழைய இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு அங்கேயே போய் நிற்கிறது. விண்டோஸ் சாவியையும் ஷிஃப்டையும் பிடித்தபடி இடது அல்லது வலது அம்புச் சாவியை அழுத்துங்கள். ஜன்னல் பெரும்பாலும் இந்தத் திரைக்கு வந்துவிடும்.

இவை எதுவும் இல்லையென்றால் ஆன்டிவைரஸின் குவாரன்டைன் பட்டியலை, அதாவது சந்தேகத்தில் அது அடைத்துவைத்த கோப்புகளின் பட்டியலைப் பாருங்கள். குறைவான பேர் பயன்படுத்தும் மென்பொருள் என்பதாலேயே சில வியூவர்களின் எக்ஸ்இ கோப்பு அங்கே அடைபட்டிருக்கும். தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கியது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் விடுவியுங்கள்.

எச்சரிக்கைப் பெட்டி வந்து நிறுத்துகிறது

விண்டோஸில் நீலப் பெட்டி வந்தால் 'மோர் இன்ஃபோ', பிறகு 'ரன் எனிவே'. மேக்கில் முன்பெல்லாம் கன்ட்ரோல் சாவியோடு கிளிக் செய்து திறக்கலாம். மேக்ஓஎஸ் 15 முதல் அந்த வழி இல்லை. ஒருமுறை திறக்க முயன்று தடுக்கப்பட்ட பிறகு, சிஸ்டம் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பக்கத்தின் கீழே போனால் 'ஓப்பன் எனிவே' இருக்கும். ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் பழைய இன்டெல் வியூவர் என்றால் ரொசெட்டா (இன்டெல் நிரல்களை அந்த மேக்கில் ஓடவைக்கும் ஆப்பிள் மென்பொருள்) நிறுவச் சொல்லிக் கேட்கும், சம்மதியுங்கள். அலுவலகக் கணினியில் இந்தப் பொத்தான்களே தெரியவில்லை என்றால் நிர்வாகி பூட்டியிருக்கிறார். அவரிடம்தான் கேட்க வேண்டும். குறுக்குவழி தேட வேண்டாம்.

டிஎல்எல் காணவில்லை என்கிறது

பெட்டியில் எம்எஸ்விசிபி140 அல்லது விசிரன்டைம்140 என்ற பெயர் இருந்தால், காணாமல் போனது மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கி நிறுவுங்கள். அதில் 32 பிட்டுக்கு ஒன்று, 64 பிட்டுக்கு ஒன்று என இரண்டு உண்டு. 64 பிட் விண்டோஸ்தானே என்று ஒன்றை மட்டும் நிறுவினால், 32 பிட் வியூவர் அப்படியே கிடக்கும். இரண்டையும் நிறுவுங்கள், இடம் ஒன்றும் பெரிதாகப் பிடிக்காது. 0எக்ஸ்சி000007பி என்ற பிழை எண் வந்தால் பெரும்பாலும் 32 பிட் நிரலும் 64 பிட் டிஎல்எல்லும் ஒன்றோடொன்று கலந்திருக்கின்றன. அதற்கும் முதலில் இதையே செய்து பாருங்கள்.

டிஎல்எல் கோப்பைத் தனியாக இறக்கித் தரும் தளங்களுக்கு மட்டும் போகாதீர்கள். அது எந்தப் பதிப்பு, யார் கைவைத்தது என்று தெரியாத கோப்பை, நோயாளிகளின் படங்கள் இருக்கும் கணினிக்குள் கொண்டுவருவது பெரிய ஆபத்து.

முகப்புப் படம் தோன்றி, சில நொடிகளில் மறைந்துவிடுகிறது

அதிகக் காரணங்கள் ஒளிந்திருப்பது இங்கேதான். பொறுமையாகப் பார்த்தால் ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் விண்டோஸ் எழுதி வைத்துவிடுகிறது. விண்டோஸோடு வரும் 'ஈவன்ட் வியூவர்' என்ற நிரலைத் திறந்து, 'விண்டோஸ் லாக்ஸ்' கீழே 'அப்ளிகேஷன்' போங்கள். வியூவர் விழுந்த நேரத்தில் சிவப்பு அடையாளத்தோடு 'அப்ளிகேஷன் எர்ரர்' என்ற பதிவு இருக்கும். அதைத் திறந்தால் முதல் வரியில் வியூவரின் பெயர், அடுத்து 'ஃபால்ட்டிங் மாட்யூல் நேம்' என்ற வரி. அந்த இரண்டாவது பெயர்தான் தேவை. அது என்விஓஜிஎல்வி64 என்றிருந்தால் என்விடியாவின் ஓபன்ஜிஎல் (3டி படம் வரையும் முறை) டிரைவர். ஏடிஐஓ6 என்று தொடங்கினால் ஏஎம்டி. ஐஜி என்று தொடங்கி ஐசிடி64 என்று முடிந்தால் இன்டெல். மூன்றில் எது வந்தாலும் பிரச்சினை கிராஃபிக்ஸ் பக்கம்தான். கெர்னல்பேஸ், என்டிடிஎல்எல் போன்ற பெயர்கள் வந்தால் அதை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. அப்போது வியூவர் தான் செய்ததைப் பதிந்துவைக்கும் லாக் (log) கோப்பில் கடைசி வரிகளைப் படிக்க வேண்டும்.

கிராஃபிக்ஸ் என்று தெரிந்துவிட்டால், டிரைவரைக் கணினி அல்லது சிப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதுப்பியுங்கள். பிறகு 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். ஷட்டவுன் செய்து மறுபடி போடுவது வேறு: ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் விண்டோஸ் கணினியில் ஷட்டவுன் செய்தாலும் டிரைவர்களின் பழைய நிலை வட்டில் பாதுகாக்கப்பட்டு, அதுவே திரும்ப வரும். இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்பில், 'டிஸ்பிளே' செட்டிங்ஸின் கீழே 'கிராஃபிக்ஸ்' பக்கத்தில் வியூவரைச் சேர்த்து, எந்தச் சிப்பில் ஓட வேண்டும் என்று மாற்றிப் பார்க்கலாம்.

தொலைவிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வேலை செய்பவர்கள் இதைக் கவனியுங்கள். நேரில் உட்கார்ந்தால் திறக்கிறது, ரிமோட்டில் விழுகிறது என்றால் வியூவரில் குறை இல்லை. ரிமோட் அமர்வில் கிராஃபிக்ஸ் கார்டு கைக்கு எட்டாதபோது விண்டோஸ் தருவது ஓபன்ஜிஎல் 1.1 மட்டுமே. 3டி ஸ்லைசர் போன்ற நிரல்கள் எதிர்பார்ப்பது 3.2 அல்லது அதற்கு மேல். சில வியூவர்களில் 3டி வசதியை நிறுத்திவைத்து 2டி மட்டும் ஓட்டும் தேர்வு இருக்கும்; இல்லையென்றால் நேரில் போய்த் திறப்பதே வழி.

கிராஃபிக்ஸ் குற்றவாளி இல்லையென்றால் அடுத்த சந்தேகம் செட்டிங்ஸ் மேல். இதைச் சோதிக்க எளிய வழி, வியூவரின் செட்டிங்ஸ் கோப்புறைக்குப் பெயர் மாற்றிவிட்டுத் திறந்து பார்ப்பது. விண்டோஸில் அது பெரும்பாலும் பயனர் கோப்புறையில் மறைந்திருக்கும் ஆப்டேட்டாவுக்குள் இருக்கும். வீயசிஸ் என்ற வியூவர் என்றால் உங்கள் பயனர் கோப்புறையில் புள்ளியோடு தொடங்கும் வீயசிஸ் என்ற கோப்புறை. பெயருக்குப் பின்னால் 'பழையது' என்று சேர்த்தால் போதும், அழிக்க வேண்டாம். இப்போது வியூவர் திறந்தால் காரணம் கிடைத்துவிட்டது. திறக்காவிட்டால் பெயரைத் திரும்ப மாற்றிவிடுங்கள், எதையும் இழக்கவில்லை.

நம்மவர்களுக்கு மட்டும் சற்று அதிகமாக வரும் காரணம் ஒன்று உண்டு. விண்டோஸ் கணக்கைத் தமிழ்ப் பெயரில் உருவாக்கியிருந்தால் பயனர் கோப்புறையின் பெயரும் தமிழில் அமையலாம். பழைய வியூவர்கள் சில, பாதையில் ஆங்கில எழுத்து தவிர வேறு எது வந்தாலும் தற்காலிகக் கோப்பை எழுத முடியாமல் அப்படியே விழுந்துவிடும். கணக்கின் பெயரை மட்டும் மாற்றினால் கோப்புறையின் பெயர் மாறாது. ஆங்கில எழுத்தில் பெயர் வைத்து இன்னொரு லோக்கல் கணக்கு உருவாக்கி அதில் வியூவரைத் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் இதுதான் காரணம், அல்லது உங்கள் கணக்கின் செட்டிங்ஸ். இரண்டில் எது என்பதை முந்தைய சோதனையோடு சேர்த்துப் பார்த்தால் புரியும். படங்கள் இருக்கும் கோப்புறைக்கும் இதே விதி பொருந்தும்.

தரவுத்தளத்தைத் திறக்க முடியவில்லை, அல்லது வேறொருவர் பயன்படுத்துகிறார் என்கிறது

மின்சாரம் போனதாலோ வியூவர் தொங்கியதாலோ பாதியில் நின்றிருந்தால், 'லாக்' (lock) என்று முடியும் ஒரு பூட்டுக் கோப்பு தரவுத்தளக் கோப்புறையில் மிச்சமிருக்கும். வியூவரின் எந்தப் பிரதியும் ஓடவில்லை என்று டாஸ்க் மேனேஜரில் உறுதி செய்த பிறகு அந்த ஒன்றை மட்டும் வேறிடத்துக்கு நகர்த்துங்கள்.

பக்கத்திலேயே 'ஜர்னல்' அல்லது 'டபிள்யூஏஎல்' என்று முடியும் கோப்பு இருந்தால் தொடாதீர்கள். பல வியூவர்கள் எஸ்கியூலைட் தரவுத்தளத்தைப் பயன்படுத்துகின்றன. 3டி ஸ்லைசரின் டைகாம் பட்டியலும் அப்படித்தான். பாதியில் நின்ற மாற்றத்தைச் சரிசெய்யத் தேவையான தகவல் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. குப்பை என்று நினைத்து அதை அழித்தால், தானாகச் சரியாகியிருக்க வேண்டிய தரவுத்தளம் நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம்.

தரவுத்தளம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஒன்டிரைவ் அல்லது ஐகிளவுட் உங்கள் 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறையை மேகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தால், வியூவர் எழுதும் அதே நேரத்தில் அதுவும் கோப்பைப் பிடித்துக்கொள்ளும். இடம் மிச்சப்படுத்துவதற்காகக் கோப்புகளைக் கணினியிலிருந்து எடுத்துவிடவும் செய்யும். மேக்கில் ஹோரோஸ் என்ற வியூவர் தன் தரவை டாக்குமென்ட்ஸில்தான் வைக்கிறது, அதனால் அதைப் பயன்படுத்துபவர்கள் இதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. தரவுக் கோப்புறையை மேகத்தோடு இணையாத இடத்துக்கு மாற்றுங்கள். நெட்வொர்க் டிரைவிலும் வைக்காதீர்கள். எஸ்கியூலைட்டின் பூட்டு முறை அங்கே நம்பகமாக வேலை செய்யாது. வட்டில் இடம் தீர்ந்திருந்தாலும் இதே செய்தி வரும் என்பதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

போர்ட் பயன்பாட்டில் உள்ளது என்கிறது

மற்ற இயந்திரங்களிலிருந்து படங்களைப் பெற வியூவர் ஒரு போர்ட்டில், அதாவது நெட்வொர்க்கில் எண் கொண்ட ஒரு வாசலில் காத்திருக்கும். டைகாமுக்கு வழக்கமானவை 104, 11112. இரண்டு வியூவர்கள் ஒரே எண்ணைக் கேட்டால் பிந்தி வந்தது தோற்கும். ரிசோர்ஸ் மானிட்டரில் 'நெட்வொர்க்' தாவலின் கீழே 'லிசனிங் போர்ட்ஸ்' பட்டியலில் அந்த எண்ணை யார் வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். லினக்ஸில் 104 என்றால், சாதாரணப் பயனருக்கு 1024க்குக் கீழுள்ள போர்ட்கள் இயல்பாகக் கிடைக்காது, 11112க்கு மாற்றுங்கள். போர்ட்டை மாற்றினால் அனுப்பும் பக்கத்திலும் மாற்றச் சொல்ல மறக்காதீர்கள். குறுந்தகட்டிலிருந்து மட்டும் படம் பார்ப்பவருக்கு இந்தச் சேவையே தேவையில்லை, நிறுத்திவிடலாம்.

குறுந்தகட்டோடு வந்த வியூவர் திறக்கவில்லை

குறுந்தகட்டில் இருப்பதை அப்படியே முழுதாகக் கணினிக்கு நகலெடுங்கள். வட்டிலிருந்து ஓடும் வியூவர் ஒவ்வொரு சிறு கோப்புக்கும் வட்டைத் தேட வேண்டும், கூடவே ஆன்டிவைரஸ் ஒவ்வொன்றாகச் சோதிக்கும். நிமிடக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் இருப்பது பல சமயம் பழுதல்ல, தாமதம்தான். நகலெடுக்கும்போதே பிழை வந்தால் வட்டில் கீறல் இருக்கலாம். இன்னொரு பிரதி கேட்டு வாங்குவதே சரி.

நகலெடுத்தும் அந்த வியூவர் திறக்காவிட்டால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அது பல ஆண்டு பழைய நிரலாக இருக்கலாம், இன்றைய கணினியில் இல்லாத ஜாவாவைத் தேடிக்கொண்டிருக்கலாம். டைகாம் என்பது 1993 முதல் அந்தப் பெயரில் இருக்கும் பொதுத் தரநிலை. படங்கள் எந்த ஒரு வியூவருக்கும் சொந்தமல்ல. விண்டோஸில் மைக்ரோடைகாம், மேக்கில் ஹோரோஸ், மூன்று இயங்குதளங்களிலும் வீயசிஸ் என எதையாவது நிறுவி, குறுந்தகட்டின் மேல்மட்டத்தில் உள்ள டைகாம்டிர் என்ற கோப்பைத் திறக்கச் சொல்லுங்கள். அது படங்களின் அட்டவணை. கோப்புகளுக்குப் பெயர் மாற்றியிருந்தாலோ சிலவற்றை மட்டும் நகலெடுத்திருந்தாலோ அட்டவணை வழியாகத் திறக்காது. அப்போது கோப்புறையையே காட்டுங்கள்.

வியூவர் திறக்கிறது, படம் வரவில்லை

இங்கே தொடக்கம் முடிந்துவிட்டது, பிரச்சினை படத்தின் பக்கம். கோப்பின் பெயரில் நீட்டிப்பு இல்லை என்று பயப்பட வேண்டாம், குறுந்தகட்டில் உள்ள டைகாம் கோப்புகள் அப்படித்தான் இருக்கும். உண்மையில் டைகாமா என்று சந்தேகம் வந்தால் கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பாருங்கள். முதல் 128 பைட் பெரும்பாலும் வெறும் பூஜ்ஜியங்கள், அதை அடுத்து டி, ஐ, சி, எம் என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். அவை இருந்தால் கோப்பு டைகாம்தான். ஆனால் உள்ளே படம் ஜேபெக் 2000 போன்ற முறையில் சுருக்கப்பட்டிருந்து, வியூவருக்கு அதைப் பிரிக்கத் தெரியாமல் இருக்கலாம். நோயாளி பெயரெல்லாம் சரியாகத் தெரிந்து, படம் மட்டும் வராமலோ கலங்கலாகவோ இருப்பது அதன் அடையாளம். புதிய பதிப்பு அல்லது வேறு வியூவர் போதும்.

முழுக் கறுப்பு அல்லது முழு வெள்ளை என்றால் விண்டோ, லெவல் மதிப்புகளைப் பாருங்கள். எந்த அளவு வரம்பைச் சாம்பல் நிறங்களாகக் காட்டுவது என்பதன் அகலமும் மையமும் அவை. சி.டி. ஸ்கேனில் தண்ணீர் 0, காற்று -1000 என்ற அளவுகோல். மூளைக்கு அகலம் 80, மையம் 40 என்று வைப்பார்கள். அதே மதிப்பில் நுரையீரலைப் பார்த்தால் கன்னங்கரேலென்று இருக்கும். அதற்கு அகலம் 1500, மையம் -600 அளவில் வேண்டும். படம் கெட்டுவிட்டது என்று முடிவு செய்யும் முன் மவுஸை இழுத்து இவற்றை மாற்றிப் பாருங்கள். பட்டியலில் முதலில் இருப்பது கதிர்வீச்சு அளவு அறிக்கையாக இருந்தாலும் திரை காலியாகத் தெரியலாம், அடுத்த படத் தொடருக்குப் போங்கள்.

பெரிய ஸ்கேனைத் திறந்ததும் விழுகிறது

512க்கு 512 அளவுள்ள ஒரு சி.டி. படம், புள்ளிக்கு 2 பைட் வீதம் அரை எம்பி. 1000 படங்கள் என்றால் 500 எம்பி. 3டி காட்சிக்கு அதன் மேல் இன்னொரு நகல். 32 பிட் நிரலுக்கு விண்டோஸ் இயல்பாகக் கொடுப்பது 2 ஜிபி மட்டுமே, கணினியில் 32 ஜிபி இருந்தாலும் சரி. ஆகவே 64 பிட் பதிப்புக்கு மாறுங்கள். ஜாவாவில் எழுதிய வியூவர்கள் வழக்கமாக மொத்த நினைவகத்தில் நான்கில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்ளும். அந்த வரம்பை வியூவரின் அமைப்பில் உயர்த்தலாம். அவசரத்துக்கு, எல்லாத் தொடர்களையும் திறக்காமல் தேவையான ஒன்றை மட்டும் திறந்தாலே போதும்.

லினக்ஸில்

முனையத்திலிருந்து இயக்கினால் காரணம் எழுத்திலேயே வந்துவிடும். ஜன்னலைத் திறக்கத் தேவையான 'எக்ஸ்சிபி' பிளகின் ஏறவில்லை என்று வந்தால், கியூடி (பல வியூவர்கள் பயன்படுத்தும் ஜன்னல் நூலகம்) 6.5 முதல் தேவைப்படும் லிப்எக்ஸ்சிபி-கர்சர்0 தொகுப்பை நிறுவுங்கள். ஆப்இமேஜ் (நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்பு நிரல்) திறக்காவிட்டால் இயக்கும் அனுமதி இருக்கிறதா, லிப்ஃபியூஸ்2 இருக்கிறதா என்று பாருங்கள், உபுண்டு 22.04 முதல் அது தானாக வருவதில்லை.

யாரிடமாவது உதவி கேட்கும் முன்

வியூவரின் பதிப்பு எண், இயங்குதளம், கிராஃபிக்ஸ் கார்டு, எந்தக் கட்டத்தில் நின்றது, ஈவன்ட் வியூவரில் கண்ட மாட்யூல் பெயர் ஆகியவற்றைச் சொன்னால் சரியான பதில் வேகமாக வரும். ஆனால் லாக் கோப்பை அப்படியே ஒட்டிவிடாதீர்கள். நோயாளியின் பெயர், அடையாள எண், பிறந்த தேதி ஆகியவை கோப்புப் பாதைகளிலும் பிழை வரிகளிலும் கலந்திருக்கும். லாக்கைத் திறந்து அந்தப் பெயரைத் தேடி நீக்குங்கள். ஸ்கிரீன்ஷாட்டின் நான்கு மூலைகளையும் பாருங்கள், வியூவர்கள் பெயரை எழுதுவது பெரும்பாலும் அங்கேதான். மாதிரிக்கு ஸ்கேன் கோப்பு கேட்டால், நோயாளியின் அடையாளங்களை நீக்கும் வியூவரின் அனானிமைஸ் வசதியால் ஒரு நகலை உருவாக்கி, அதை நீங்களே திறந்து பெயர் போய்விட்டதா என்று சரிபார்த்த பிறகு அனுப்புங்கள். அல்ட்ராசவுண்டில் பெயர் படத்தின் புள்ளிகளிலேயே பதிந்திருக்கும். அனானிமைஸ் செய்தாலும் அது போகாது என்பதால் அந்தப் படத்தை அனுப்பவே வேண்டாம்.